படைவீரர் மனையறம்

(நம் சங்கத்து மாதர் பிரிவின் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பட்டாளத்தில் பணிபுரிவோரின் குடும்ப வாழ்க்கையைப் பற்றிப் பேசுமாறு மாதர் பிரிவினர் எனக்குக் கட்டளையிட்டிருக்கின்றனர். நான் பட்டாளத்துக்காரன் அல்லன், இரயில்வேயில் குமாஸ்தா. "இதைப் பற்றி ஒரு சுபேதார் அல்லவா பேச வேண்டும்?" என்று கேட்டேன். "சுபேதார் பேசினால் சுபேதாரைப் பற்றித்தான் பேசுவார். அவர் வீட்டு அம்மாளைப் பற்றிப் பேச வேறு ஆள் வேண்டும்" என்று செயலாளர் அம்மையார் விடை பகர்ந்தார். அதற்கு மேல் என்னால் வாதாட இயலவில்லை. என் தங்கையை ஒரு ஹவில்தாருக்குக் கொடுத்திருக்கிறோம். பதினாறு ஆண்டுகளாக அவள் இல்லறத்தை அருகிருந்தும் தொலைவிலிருந்தும் பார்த்து வருகிறேன். இன்று நான் பேசுவதற்கு உள்ள தகுதி அவ்வளவே.

நாம் வாழும் ஜபல்பூர், சீருடை அணிந்தோர் நிறைந்த ஊர். 1904ஆம் ஆண்டிலேயே இங்கே பீரங்கி வண்டித் தொழிற்சாலை தோன்றிவிட்டது. கிரெனேடியர்கள், ஜம்மு காஷ்மீர் ரைபிள்ஸ் ஆகிய படைப்பிரிவுகளின் மையங்களும், சிக்னல் பயிற்சி மையமும் இங்கே இருக்கின்றன. 2003 முதல் மேற்கு மத்திய இரயில்வேயின் தலைமையகமும் இதுவே. ஆகவே நம் சங்கத்து உறுப்பினர் பதிவேட்டில் மூவகைக் குடும்பங்கள் உண்டு: இரயில்வே, தொழிற்சாலை, பட்டாளம். முதல் இரண்டு வகையினர் வந்தால் வேரூன்றிவிடுகிறோம். மூன்றாம் வகையினரோ, பெயரையும் பிள்ளைகளின் வயதையும் நாம் மனத்தில் வாங்கிக் கொள்ளும் சமயத்தில் மூட்டை கட்டிவிடுகின்றனர். சென்ற ஆண்டு கோலப் போட்டியில் முதற் பரிசு பெற்ற பெண்ணின் வீடு இன்று பூட்டிக் கிடக்கிறது. அவர் இப்போது எந்த ஊரில் கோலம் போடுகிறாரோ, நாம் அறியோம்.

பிரிந்து வாழும் இல்லறம் தமிழுக்குப் புதியதன்று. முல்லைத் திணைக்கு உரிப்பொருளாகவே 'இருத்தல்' என்பதைச் சான்றோர் வகுத்தனர். போருக்குச் சென்ற கணவன் கார்காலத்தில் திரும்புவேன் என்று சொல்லிச் செல்வான், மனைவி ஆற்றியிருப்பாள். முல்லைப்பாட்டும் நெடுநல்வாடையும் இந்தப் பொருளிலேயே அமைந்தவை. நெடுநல்வாடையில் ஒரு காட்சி என் நெஞ்சை விட்டு அகலாதது. அரண்மனையில் அரசி உறக்கமின்றிக் கிடக்கிறாள். அதே நள்ளிரவில் பாசறையில் அரசனும் உறங்காமல், புண்பட்ட வீரர்களைப் பார்த்து ஆறுதல் கூறிக்கொண்டு நடக்கிறான். இருவரும் விழித்திருக்கின்றனர்; ஒருவர் விழித்திருப்பது மற்றவருக்குத் தெரியாது. இன்றைய பட்டாளத்து இல்லறத்தின் துன்பம் முழுவதும் இந்த ஒரு காட்சியில் அடங்கியிருக்கிறது என்பேன். ஆனால் அரசிக்குத் தோழியரும் செவிலியரும் சூழ இருந்தனர். கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோனால் யாரைக் கூப்பிடுவது, பிள்ளைக்கு இரவு இரண்டு மணிக்குக் காய்ச்சல் நூற்று மூன்றைத் தொட்டால் எந்த ஆட்டோவைப் பிடிப்பது என்ற கவலைகள் அவளுக்கு இருந்ததாகப் புலவர் பாடவில்லை.

பட்டாளத்து வேலையின் அமைப்பை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். இராணுவத்தில் 'பீஸ்' என்றும் 'ஃபீல்டு' என்றும் இரு வகைப் பணியிடங்கள் உண்டு. பீஸ் என்றால் ஜபல்பூரைப் போன்ற அமைதியான ஊர். குவார்ட்டர்ஸ் கிடைத்தால் குடும்பத்தோடு வாழலாம். ஃபீல்டு என்றால் எல்லைப்புறமும் மலைப்புறமும். அங்கே குடும்பத்திற்கு இடமில்லை. இரண்டு அல்லது மூன்று ஆண்டு இங்கே, இரண்டு அல்லது மூன்று ஆண்டு அங்கே என்று மாறி மாறி வரும். 1984 முதல் நம் படை காவல் புரியும் சியாச்சின் பனிமலை போன்ற இடங்களுக்குச் சென்றுவிட்டால் அவர் குரலைக் கேட்பதே அரிது. ஆண்டு விடுப்பு அறுபது நாள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பணியில் இருக்கும் காலத்தில் பாதியை ஃபீல்டில் கழிக்கும் ஒருவர், தம் பிள்ளையின் பத்து வயதிற்குள் எத்தனை நாள் அதனோடு இருந்திருப்பார்?

கணவர் ஃபீல்டுக்குப் போகும்போது மனைவி எங்கே இருப்பது என்பதே முதற் கேள்வி. மாமியார் வீடு, பிறந்த வீடு, அல்லது இராணுவமே ஒதுக்கித் தரும் எஸ்.எஃப். குவார்ட்டர்ஸ். இந்த மூன்றில் எது சிறந்தது என்று என்னைக் கேட்டால், எதுவும் தானே சிறந்ததாக ஆவதில்லை என்பேன். என் தங்கை மூன்றிலும் இருந்து பார்த்தவள். மாமியார் வீட்டில் பிள்ளைகளைத் தூக்க ஆள் இருந்தது. ஆனால் கணவர் அனுப்பும் பணம் எவர் கைக்கு வருவது என்பதில் மனத்தாங்கல் வந்தது. அவர் அலைபேசியில் அழைத்தால் முதலில் அம்மா, பிறகு தம்பி, பிறகு சித்தப்பா, கடைசியில் இவள். அதற்குள் தொடர்பு அறுந்துவிடும். இவள் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்தாள். அங்கே பாசத்திற்குக் குறைவில்லை. ஆயினும் "வாழாவெட்டியாய் வந்துவிட்டாளோ?" என்று தெருவில் இரண்டு பேர் கேட்டுவிட்டனர். மூன்றாவதாக எஸ்.எஃப். குவார்ட்டர்ஸுக்குச் சென்றாள். மொழி தெரியாத ஊர், தனிமை. ஆனால் சாவி அவள் கையில். "அண்ணா, இங்கே வந்த பிறகுதான் எனக்கு அவர் மீது இருந்த கோபம் தீர்ந்தது" என்றாள். ஏனென்று கேட்டேன். "இங்கே இருபது வீட்டிலும் என்னைப் போலவே இருக்கிறார்கள். என் வீட்டில் மட்டும் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றாள். அந்த இருபது வீட்டில் பஞ்சாபியும் மராத்தியும் கூர்காவும் உண்டு. அவளுக்கு இந்தி கற்றுக்கொடுத்தவர் ஒரு கூர்கா நாயக்கின் மனைவி. ஆகையால் அவள் இந்தியைக் கேட்டால் நேபாளி என்றே எண்ணத் தோன்றும்!

பேச்சு என்று வந்ததால் கடிதத்தையும் அலைபேசியையும் பற்றிச் சொல்கிறேன். முன்னாளில் 56 ஏ.பி.ஓ., 99 ஏ.பி.ஓ. என்ற முகவரிக்குக் கடிதம் போவதே ஒரே வழி. மலையா, பாலைவனமா என்று முகவரியைப் பார்த்து எவரும் அறிய முடியாது. அறியக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. அந்த முகவரிகள் இன்றும் உள்ளன. இப்போது கையில் அலைபேசி வந்துவிட்டதால் தூரம் குறைந்துவிட்டது என்று எண்ணுகிறோம். தூரம் குறையவில்லை, ஆத்திரம் போய்ச் சேரும் நேரந்தான் குறைந்திருக்கிறது. முன்பு மாமியார் மீது கோபம் வந்தால் மனைவி கடிதம் எழுதுவாள்; அஞ்சல் பெட்டிக்குப் போவதற்குள் பாதிக் கோபம் ஆறும்; சில கடிதங்கள் அடுப்புக்கும் போகும். இன்றோ கோபம் பிறந்த அரை நிமிடத்தில் பனிமலையில் நிற்பவன் காதில் விழுகிறது. அவன் அதைக் கேட்டுவிட்டுத் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு இரவுக் காவலுக்குப் போக வேண்டும். நூற்றைம்பது கல் தொலைவில் இருந்தால் இரயிலேறி வந்து சமாதானம் செய்யலாம். அவன் என்ன செய்வான்?

அதற்காக எதையுமே சொல்லாமல் மறைப்பதும் நன்றன்று. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தந்தையார் படுத்த படுக்கையாய் இருந்ததை நான்கு மாதம் மகனுக்குச் சொல்லவில்லை. "அவன் மனம் கலங்கும்" என்றனர். பிறகு ஒரு நாள் நேராக இறப்புச் செய்தியே போயிற்று. அன்று முதல் அந்த வீரர் வீட்டார் சொல்லும் 'எல்லோரும் நலம்' என்ற சொல்லை நம்புவதில்லை. நலமாக இருக்கும்போதும் நம்புவதில்லை. இதைவிடக் கொடுமை வேறென்ன?

என் தங்கை கைக்கொண்ட முறையைச் சொல்கிறேன், வேண்டுவோர் எடுத்துக்கொள்ளலாம். அவர் அழைக்கும்போது கிடைப்பது பத்து நிமிடம். அதற்காக அடுக்களைச் சுவரில் ஒரு நாட்காட்டித் தாளைத் தொங்கவிட்டு, சொல்ல வேண்டியவற்றை நினைவு வந்தபோதெல்லாம் குறித்து வைப்பாள். அவர் முடிவு சொல்ல வேண்டியவை முதலில். தானே முடிவு செய்துவிட்டவை அடுத்து. அவற்றை 'செய்யட்டுமா' என்று கேளாமல் 'செய்துவிட்டேன்' என்றே சொல்வாள். கடைசி மூன்று நிமிடம் பிள்ளைகளுக்கு. புகாரை அலைபேசியில் சொல்வதில்லை, கடிதத்தில் எழுதுவாள். ஆம், இன்றும் கடிதம் எழுதுகிறாள். "போனில் சொன்னது காற்றோடு போகும், கடிதத்தை அவர் மூன்று தரம் படிப்பார்" என்பது அவள் கட்சி. எங்கே இருக்கிறீர்கள், எப்போது நகர்கிறீர்கள் என்று மட்டும் கேட்பதில்லை. அது அன்புக் குறைவன்று, காவல். 2020 ஜூலையில் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளை அலைபேசியிலிருந்து நீக்கும்படி இராணுவம் தன் வீரர்களுக்கு உத்தரவிட்டதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். கணவர் கட்டுப்பாடாக இருக்க, உறவினர் ஒருவர் அவர் சீருடைப் படத்தையும் படைப்பிரிவின் பெயரையும் போட்டு வாழ்த்துச் சொன்னால் என்ன பயன்?

இனிக் காகிதங்கள். மனையறத்தைப் பற்றிப் பேச வந்தவன் காகிதத்தைப் பற்றிப் பேசுகிறானே என்று எண்ண வேண்டா. குமாஸ்தா புத்தி என்று சிரித்தாலும் சரி, இதை விட மாட்டேன். பட்டாளத்துக்காரருக்குத் திருமணம் நடந்தால், தாலி ஏறிய மாத்திரத்தில் அந்தப் பெண் இராணுவத்தின் கண்ணுக்கு மனைவியாகிவிடுவதில்லை. அவர் தம் படைப்பிரிவில் சான்றுகளைக் கொடுத்து, 'பார்ட் டூ ஆர்டர்' என்ற உத்தரவில் திருமணம் பதிவாக வேண்டும். பிள்ளை பிறந்தாலும் அப்படியே. மனைவி மக்கள் பெயர் எழுதும் 'கின்ட்ரெட் ரோல்' என்ற பட்டியலும் சரியாக இருக்க வேண்டும். இராணுவ மருத்துவமனை, கேன்டீன், பிள்ளைகளுக்குரிய சலுகை, துன்பம் நேர்ந்தால் குடும்ப ஓய்வூதியம், 1976 முதல் நடந்து வரும் இராணுவக் குழுக் காப்பீடு ஆகிய அனைத்துக்கும் இதுவே திறவுகோல். 'வேலு மனைவி செல்வி' என்று ஓரிடத்திலும் 'தமிழ்ச்செல்வி' என்று ஆதாரிலும் இருந்தால், அந்தப் பெயர் வேறுபாட்டுக்காகப் பதிவு அலுவலகத்திற்கு எத்தனை கடிதங்கள் எழுத வேண்டியிருக்கும் என்பதை நானே எழுதிக் கொடுத்து அறிந்திருக்கிறேன்.

நான் அறிந்த ஒரு பெண், கோயிலில் எளிய முறையில் மணம் முடித்தவர். கணவர் விடுப்பு முடிந்து அவசரமாகப் போய்விட்டார். பதிவு தள்ளிக்கொண்டே போயிற்று. பேறுகாலத்தில் மருத்துவமனை வாயிலில், 'நீ யார்?' என்ற கேள்விக்குக் கழுத்துத் தாலியைத் தவிர வேறு சான்று அவரிடம் இல்லை. நல்ல வேளை, எவரோ ஒரு அதிகாரியின் மனைவி இடையில் புகுந்து உதவினார். அந்தப் பெண்ணுக்குக் கணவர் மீது அன்பில்லாமற் போகவில்லை. ஆனால் 'என்னை ஒரு தாளில் எழுத இவருக்கு நேரமில்லையே' என்ற முள் நெஞ்சில் தங்கிவிட்டது. அன்பை நிலைநிறுத்தும் பொருள்களில் ஒரு முத்திரை குத்திய தாளும் ஒன்று என்று நான் சொல்வது இதனால்தான்.

ஊரில் நிலத் தகராறு வந்தால் அஞ்ச வேண்டியதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1925ஆம் ஆண்டின் இந்தியப் படைவீரர் வழக்குச் சட்டம் என்று ஒன்று உண்டு. போர்ச் சூழலிலோ அது போன்ற சிறப்பு நிலைகளிலோ பணிபுரியும் வீரர் மீது வழக்கு நடக்கும்போது, அவர் சார்பில் முறையாக யாரும் நிற்க முடியாவிட்டால், வழக்கை நிறுத்தி வைக்க அது வழி செய்கிறது. தமிழ்நாட்டில் மாவட்டங்களில் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் இருக்கின்றன. பெயர் 'முன்னாள்' என்றிருந்தாலும் பணியில் உள்ளோரின் குடும்பமும் அங்கே போய் உதவி கேட்கலாம். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சீருடை அணிந்தவர் எல்லாரும் உத்தமர் அல்லர். மனைவி மக்களைக் கைவிட்டவரின் சம்பளத்திலிருந்து அவர்கள் பராமரிப்புக்குப் பணம் பிடித்தம் செய்ய 1950ஆம் ஆண்டின் இராணுவச் சட்டம் இடமளிக்கிறது. 'பட்டாளத்தானை யார் கேட்பது?' என்று எந்தப் பெண்ணும் முடங்கிக் கிடக்க வேண்டியதில்லை. கேட்பதற்கு இடம் உண்டு.

இப்போது எல்லாவற்றிலும் கடினமான பகுதிக்கு வருகிறேன். பிரிவுதான் கடினம் என்று நீங்கள் எண்ணியிருப்பீர்கள். பட்டாளத்து வீட்டாரைக் கேளுங்கள்; 'திரும்பி வருவதுதான் கடினம்' என்பார்கள். திருவள்ளுவர் இதை அறிந்தவர். கற்பியலில் பதினெட்டு அதிகாரம். பிரிவாற்றாமையில் தொடங்கி, அழுது, மெலிந்து, கனவு கண்டு, ஒருவரையொருவர் காண விரைந்து, கூடியும் ஆனபின் சுபம் என்று முடித்திருக்கலாம் அல்லவா? அவர் அப்படி முடிக்கவில்லை. அதன் பின்னரே புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என்று வைத்தார். வந்த பிறகு சண்டை வரும் என்பது அவர் கணக்கு. நம் பெண்கள், 'இத்தனை நாள் காத்திருந்தேனே, வந்த நான்காம் நாளே சண்டையா, எங்கள் அன்பு பொய்யா?' என்று கலங்குகின்றனர். பொய்யன்று அம்மா, வரிசைப்படிதான் நடக்கிறது.

காரணத்தைப் பாருங்கள். அவர் போகும்போது அவள் காசோலை நிரப்பத் தெரியாதவள். திரும்பும்போது அவள் வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், பல்பு மாற்றுதல், பாம்பு அடித்தல் எல்லாம் கற்றவள். அவரோ இரண்டாண்டு, காலையில் விசில் ஊதினால் எழுந்து, அலமாரியில் சட்டையை நான்கு விரற்கடை அகலத்தில் மடித்து வைத்து வாழ்ந்தவர். வந்த இரண்டாம் நாள் என் மாப்பிள்ளை அடுக்களையில் நுழைந்தார். பருப்பு டப்பா ஏன் இரண்டு? மிளகாய்த்தூளில் தேதி ஏன் ஒட்டவில்லை? பையன் ஏன் ஆறு மணிக்கு மேல் உறங்குகிறான்? தங்கை வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் பருப்பு டப்பா இரண்டையும் அவர் முன் வைத்து, "ஹவில்தார் சாகிப், சமையலையும் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்; நான் விடுப்பில் போகிறேன்" என்றாள்! அவர் சிரித்துவிட்டார். சிரிக்கத் தெரிந்த மனிதராய் இருந்ததால் பிழைத்தது.

நான் அவருக்கு எங்கள் இரயில்வே வழக்கத்தைச் சொன்னேன். ஒரு ஸ்டேஷன் மாஸ்டரிடமிருந்து மற்றொருவர் சார்ஜ் வாங்கும்போது என்ன செய்கிறார்? முந்தையவர் எழுதியதைப் படிக்கிறார். எந்த லைனில் எந்த வண்டி நிற்கிறது என்று கேட்கிறார். கையொப்பமிடுகிறார். வந்ததும் வராததுமாகச் சிக்னலை மாற்றுவாரா? வீட்டிலும் முதல் வாரம் ஒன்றையும் மாற்றாதீர்கள். எந்த லைனில் எது நிற்கிறது என்று கேளுங்கள். பட்டாளத்திலும் சார்ஜ் ஒப்படைக்கும் முறை உண்டு என்பதால் அவருக்கு இது எளிதில் விளங்கிற்று. மனைவியர்க்கும் ஒரு சொல்: அவர் வந்ததும் சுமை முழுவதையும் ஒரே நாளில் அவர் தலையில் இறக்குவதும் தவறு, எதையும் தொட விடாமல் விருந்தாளியாக உட்கார வைப்பதும் தவறு. விருந்தாளியாக இருப்பவருக்கு வீடு எப்படிச் சொந்தமாகும்? தங்கை வீட்டில் தண்ணீர்த் தொட்டியும் மகனின் கணக்குப் பாடமும் அவருக்கென ஒதுக்கப்பட்டன.

பிள்ளைகளோ தனிக் கதை. மூன்று வயதுக் குழந்தை, 'அப்பா' என்றால் அலைபேசி என்றே எண்ணியிருக்கும். நேரில் ஆறடி உருவம் மீசையோடு வந்து தூக்கினால் அலறாமல் என்ன செய்யும்? அதற்குத் தந்தை மனம் உடைந்து போகிறார். 'நீ சொல்லிக் கொடுக்கவில்லை' என்று தாயைக் கடிந்துகொள்கிறார். குழந்தையை இழுத்து அணைக்க வேண்டா. தரையில் உட்கார்ந்து ஒரு பொம்மையைத் தாமே உருட்டிக்கொண்டிருந்தால் போதும். இரண்டு நாளில் தானே மடிக்கு வரும். பெரிய பிள்ளைகளுக்கு வேறு தொல்லை. மூன்றாண்டுக்கு ஒரு பள்ளி. மாற்றல் உத்தியோகத்தாரின் பிள்ளைகளுக்கென்றே 1963இல், படைப்பிரிவுப் பள்ளிகள் இருபதை ஏற்று, இன்றைய கேந்திரிய வித்யாலயங்கள் தொடங்கப்பட்டன. அதனால் பாடம் தொடர்கிறது. ஆனால் தமிழ்? தந்தை தமிழில் எழுதும் கடிதத்தை மகன் படிக்க முடியாமல், தாய் படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. தாய் படித்தால் அது தாய்க்கு வந்த கடிதம் ஆகிவிடுகிறது. நம் சங்கத்து ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பை நான் பெரிதாக மதிப்பது இலக்கியத்திற்காக மட்டுமன்று. ஒரு சிறுவன் தன் தகப்பனின் கையெழுத்தைத் தானே படிக்க வேண்டும் என்பதற்காகவே.

விடுப்பைப் பற்றி இரயில்வேக்காரன் பேசாமல் இருந்தால் பழி வரும். முன்பதிவு 2024 நவம்பர் முதல் அறுபது நாளுக்கு முன்னர்தான் திறக்கிறது. பட்டாளத்தில் விடுப்பு உறுதியாவதோ பல வேளைகளில் கடைசி வாரத்தில். சங்கமித்ராவிலும் கங்கா காவேரியிலும் பொங்கல் சமயத்தில் இடம் கேட்டால் காத்திருப்போர் பட்டியலே கிடைக்கும். பெரிய நிலையங்களில் எம்.சி.ஓ. என்ற இராணுவ அலுவலகம் உண்டு. படையினருக்குரிய ஒதுக்கீட்டில் அங்கே முயலலாம். இதை அறியாமல் கழிவறை வாசலில் மூன்று பிள்ளைகளோடு உட்கார்ந்து சென்னை வரை சென்ற குடும்பத்தைக் கண்டிருக்கிறேன். அந்த அறுபது நாளிலும், போக வர, குலதெய்வம், மச்சினன் கல்யாணம், வீட்டுக் கூரை என்று போனால், கணவனும் மனைவியும் தனித்துப் பேசிய நேரம் எவ்வளவு? அறுபதில் ஐந்து நாளையாவது அவ்விருவருக்கும் விட்டுவையுங்கள் என்று மாமியார்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்கே ஓர் இடைச்செருகல். 'பட்டாளத்தார் மனைவி' என்றே பேசி வந்தேன். 1992 முதல் இராணுவத்தின் பல பிரிவுகளில் பெண்கள் அதிகாரிகளாகச் சேர்ந்து வருகின்றனர். 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு நிரந்தரப் பணி உரிமையையும் உறுதி செய்தது. செவிலியர் பிரிவில் நம் பெண்கள் நெடுங்காலமாகவே இருக்கின்றனர். ஆகவே 'பட்டாளத்தாரின் கணவர்' என்று ஓர் இனமும் தோன்றியிருக்கிறது. பிள்ளைக்குப் பின்னல் போட்டுப் பள்ளிக்கு அனுப்பும் அந்த ஆடவரைக் கண்டு நாம் நகைக்காமல் இருந்தால், அதுவே அவர்களுக்குப் பேருதவி.

அச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இந்தப் பொருளை முடிக்க இயலாது. 1999இல் கார்கில் போரின்போது எத்தனை வீடுகளில் வாயிற்படியில் வந்து நின்ற ஜீப்பைக் கண்டு நெஞ்சம் உறைந்திருக்கும்! திருச்சியைச் சேர்ந்த மேஜர் சரவணன் அந்தப் போரில் உயிர் ஈந்தார். மேஜர் முகுந்த் வரதராசன் 2014 ஏப்ரலில் காஷ்மீரில் வீழ்ந்தார். 2015 குடியரசு நாளில் அவர் மனைவியார் அசோகச் சக்கர விருதைப் பெற்றுக்கொண்டபோது நாடே அவரது கண்ணீரற்ற நிமிர்வைக் கண்டது. அவ்விருவரின் வாழ்க்கை 2024இல் 'அமரன்' என்ற திரைப்படமாகவும் வந்தது; நம் காலனியில் பலர் கண்ணீர் வடித்துத் திரும்பினீர்கள். அதற்குச் சில மாதம் கழித்து, 2025 மே மாதம் 7ஆம் தேதி முதல் 10ஆம் தேதி வரை எல்லையில் மோதல் நடந்த நாள்களில், இதே காலனியில் என்ன நடந்தது? எஸ்.எஃப். குவார்ட்டர்ஸில் தனியாக இருந்த பெண்களை, வழியில் கண்டவரெல்லாம் 'அவர் எந்தப் பக்கம் இருக்கிறார்? போன் வந்ததா?' என்று கேட்டோம். கேட்டவர்க்கு அது பரிவு. கேட்கப்பட்டவருக்கோ ஒவ்வொரு கேள்வியும் ஒரு குத்து. தொலைக்காட்சியைப் பிள்ளைகள் முன் இரவு பகலாக அலற விட்டோம். அந்நாள்களில் ஒரு மூதாட்டி மட்டும், ஒன்றும் கேளாமல், இரவு ஒன்பது மணிக்குத் தம் பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த வீட்டுப் பெண்ணின் வாயிலுக்குச் சென்று, "எங்கள் வீட்டில் மின்விசிறி ஓடவில்லை, இங்கே படுத்துக்கொள்ளட்டுமா?" என்றாராம். மின்விசிறி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் இந்த அவையில் இருக்கிறார். பெயரைச் சொன்னால் என்னைக் கோபித்துக்கொள்வார்.

கணவர் அருகில் இல்லாத பெண்ணின் வீட்டைக் காலனி எப்படிப் பார்க்கிறது என்பதே எனக்குள்ள பெருங்கவலை. பழந்தமிழர் இதற்கு 'அலர்' என்று அழகான பெயர் வைத்தனர்; பெயர்தான் அழகு. குழாய் பழுது பார்க்க வந்தவன் அரை மணி நேரம் இருந்தான், பால்காரனோடு சிரித்துப் பேசினாள், புதுப் புடவை யாருக்காக உடுத்தினாள் என்பன போன்ற சொற்கள் நம் மாடிப்படிகளில் உலவுவதை நானும் கேட்கிறேன். இந்தச் சொல் எப்படியோ பனிமலைக்கும் போய்ச் சேர்கிறது. ஒரு வீரர் இத்தகைய பேச்சு ஒன்றைக் கேட்டு, விடுப்பில் வந்தவர், மனைவியின் அலைபேசியைப் பறித்து எண்களை ஆராய்ந்தார். அதில் இருந்த 'அறியாத எண்' நம் சங்கத்து நூலகத்தின் எண்! அவள் நூல்களைத் திருப்பித் தரவில்லை என்று நூலகர் அழைத்திருந்தார். அந்தப் பெண் இன்று நூலகத்துக்கு வருவதே இல்லை. ஓர் உறுப்பினரை இழந்தோம் என்பது சிறிது. அவர்கள் வீட்டில் எது உடைந்தது என்பதை அளக்க நம்மிடம் கோல் இல்லை. மாடிப்படியில் பேசியவர்கள் யார் என்று நான் கேட்கவில்லை. அடுத்த முறை அவரவர் நாவைக் கேட்டால் போதும்.

இராணுவ வீரர் மனைவியர் நலச் சங்கம் என்ற பெயரில் 1966இல் தொடங்கப்பட்ட அமைப்பு, தையல் முதல் கணினி வரை கற்பித்தும், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு 'ஆஷா' பள்ளிகள் நடத்தியும் வருகிறது. அதன் கூட்டங்களுக்கு நம் பெண்கள் மொழி தெரியாத கூச்சத்தால் போவதில்லை. முதல் இரண்டு முறை நம் மாதர் பிரிவிலிருந்து ஒருவர் துணைக்குச் சென்றால் மூன்றாம் முறை அவர்களே போய்விடுவர்.

தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஆகவே ஏற்பாடு ஒன்றைச் சொல்லிவிட்டு அமர்கிறேன். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, தமிழ் வகுப்பு முடிந்த பின், சங்க அறையில் நானும் ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவரும் இருப்போம். திருமணப் பதிவு, பிள்ளை பிறந்த பதிவு, வங்கியில் கூட்டுக் கணக்கு, வாரிசு நியமனம், பெயர் எழுத்து வேறுபாடு ஆகியவை பற்றி ஐயமுள்ளோர் வரலாம். ஆதார், திருமணச் சான்று, கணவரின் படை எண் ஆகியவற்றின் நகலைக் கொண்டு வாருங்கள். அவர் தற்போது இருக்கும் இடத்தைப் பற்றிய எதையும் கொண்டு வர வேண்டா, சொல்லவும் வேண்டா. படிவம் நிரப்பக் கட்டணம் இல்லை. பிள்ளைகளை உடன் அழைத்து வரலாம். சுபேதார் அவர்கள் பம்பரம் விடக் கற்றுத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.